அப்பீல் கெடு தாண்டிவிட்டதா? எந்த வழக்குக்கு எந்த வழி

சிவில் வழக்கில் தீர்ப்பு எதிராக வந்து, அப்பீல் போட வேண்டிய நாளும் கடந்த பிறகு வக்கீல் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “தாமதத்துக்கு என்ன காரணம் எழுதலாம்?” என்றுதான். காரணத்தைப் பிறகு பார்க்கலாம். அதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, தீர்ப்பு எப்படி வந்தது? இரு தரப்பும் சாட்சி சொல்லி வாதாடிய பிறகா, நீங்கள் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது ஒருதலைப்பட்சமாகவா? இரண்டு, ஜெயித்தவர் இ.பி., அதாவது நிறைவேற்று மனு, போட்டுவிட்டாரா? இது தெரியாமல் அவசரத்தில் ஒரு மனுவைப் போட்டால், அது வாய்தா வாய்தாவாக நகர்ந்துகொண்டிருக்கும்போதே நீதிமன்ற ஊழியரான அமீனா ஜப்தி வாரண்டோடு வீட்டுக்கு வந்துவிடுவார்.

இங்கே சொல்லப்படுவது தமிழ்நாட்டின் முன்சீப், சார்பு, மாவட்ட நீதிமன்றங்களில் நடக்கும் பண, சொத்து வழக்குகளுக்குப் பொருந்தும். தனிச் சட்டங்களின் கீழ் வரும் தீர்ப்பாயங்களில் கணக்கு வேறு. சில இடங்களில் கெடு தாண்டினால் மீட்கவே முடியாது. அதைத் தனியாகப் பார்க்கலாம்.

இ.பி. விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிது. இ-கோர்ட்ஸ் தளத்தில் அந்த நீதிமன்ற வளாகத்தைத் தேர்ந்தெடுத்து உங்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள். எழுத்துக்கூட்டல் மாறியிருக்கலாம் என்பதால் எதிர்த்தரப்பின் பெயரிலும் தேடுங்கள். நோட்டீஸ் வரவில்லை என்பதால் இ.பி. இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். டிக்ரி, அதாவது தீர்ப்பின்படி வரையப்படும் நீதிமன்ற ஆணை, வந்து இரண்டு வருடத்துக்குள் போடப்படும் இ.பி.யில் ஜப்திக்கோ சொத்தை ஒப்படைக்கச் சொல்வதற்கோ முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும் என்ற கட்டாயம் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 21 ரூல் 22இல் இல்லை. கைதுக்கும் ஏலத்துக்கும்தான் நோட்டீஸ் தனியாக உண்டு.

கெடு உண்மையிலேயே தாண்டிவிட்டதா?

1963ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டத்தின் 116ஆவது இனப்படி, கீழ் நீதிமன்றத் தீர்ப்பின் மீது மாவட்ட நீதிமன்றத்துக்கோ சார்பு நீதிமன்றத்துக்கோ அப்பீல் போக 30 நாள். உயர் நீதிமன்றத்துக்குப் போக 90 நாள். இந்த எண்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்தெந்த நாளைக் கழிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

சட்டத்தின் 12ஆவது பிரிவு, தீர்ப்பு சொன்ன நாளையும், சான்றிட்ட நகல் வாங்கத் தேவைப்பட்ட நாள்களையும் கழிக்கச் சொல்கிறது. நகலின் பின்பக்கத்தில் நீதிமன்ற நகல் பிரிவு போட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள். மனுப் போட்ட நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று வரிசையாக இருக்கும். கணக்கு முழுவதும் அந்த முத்திரையிலிருந்துதான்.

ஒரு உதாரணம். தீர்ப்பு 2.6.2025. மறுநாளிலிருந்து எண்ணினால் முப்பதாவது நாள் 2.7.2025. நகல் மனு 11.6.2025 அன்று போடப்பட்டது. கட்டணம் கேட்டது 18ஆம் தேதி. கட்டியது 23ஆம் தேதி. நகல் தயாரானது 27ஆம் தேதி. 11 முதல் 27 வரை 17 நாள். ஆனால் கட்டணம் கேட்ட பிறகும் கட்டாமல் விட்ட 19, 20, 21, 22 ஆகிய நான்கு நாள் மனுதாரரின் சுணக்கம்; அது நகல் வாங்கத் ‘தேவைப்பட்ட’ நேரம் ஆகாது. எனவே கழிவு 13 நாள்; கடைசி நாள் 15.7.2025. அப்பீல் 15.9.2025 அன்று தாக்கலானால் தாமதம் 62 நாள். நான்கு நாள் சுணக்கத்தையும் கழிவில் சேர்த்து 58 நாள் என்று மனுவில் எழுதினால், எண்ணிக்கை சரியில்லை என்று நீதிமன்ற அலுவலகம் அப்பீல் கட்டைத் திருப்பி அனுப்பும். அதில் இன்னும் சில வாரம் போகும்.

நகல் தயாரான பிறகு அதை வாங்காமல் விட்ட நாள்களுக்கும் கழிவு கிடையாது. அப்பீல் கெடு முடிந்த பிறகு முதன்முறையாக நகல் மனுப் போட்டால் ஒரு நாள்கூடக் கழியாது. அதனால் தோற்ற அன்றே, அப்பீல் போகிறோமோ இல்லையோ, நகல் மனுவைப் போட்டுவிடுவது நல்லது. டிக்ரி தனியாக வரைந்து வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தீர்ப்பு நகலோடே அப்பீல் தாக்கல் செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 20 ரூல் 6ஏ இடம் தருகிறது.

கடைசி நாள் நீதிமன்ற விடுமுறையில் விழுந்தால் 4ஆவது பிரிவுப்படி மறுபடி திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். அந்த நாளையும் விட்டால் விடுமுறை முழுவதும் தாமதக் கணக்கில் சேரும். பழைய தீர்ப்பாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: கொரோனா காலமான 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான நாள்களை உச்ச நீதிமன்றம் காலவரையறைக் கணக்கிலிருந்து விலக்கியிருக்கிறது.

தாமத மனுவோடு அப்பீல்

இரு தரப்பும் வாதாடி வந்த தீர்ப்பு என்றால் பெரும்பாலும் இந்த ஒரு வழிதான். அப்பீல் மெமோ, தீர்ப்பு நகல், கோர்ட் ஃபீஸ், அதோடு ஆர்டர் 41 ரூல் 3ஏ, காலவரையறைச் சட்டம் பிரிவு 5இன் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு, அதற்கு ஆதாரமான பிரமாணப் பத்திரம். தாமத மனு இல்லாமல் அப்பீலை மட்டும் கொடுத்திருந்தாலும் அது சரிசெய்யக்கூடிய குறைதான். பிறகு மனுவைச் சேர்த்துக் கொடுக்கலாம்.

இதில் செலவு முதலிலேயே வந்துவிடும். அப்பீலுக்கான கட்டணம் மூல வழக்கைப் போலவே சர்ச்சையிலுள்ள மதிப்பின் மீது கணக்காகிறது. தமிழ்நாட்டில் 2017 திருத்தத்துக்குப் பிறகு பண வழக்குகளுக்கு அது 3 சதவீதம். 8 லட்சம் ரூபாய் டிக்ரிக்கு 24,000 ரூபாய். தாமதமே மன்னிக்கப்படுமா என்று தெரியாத நிலையில் இதைக் கட்ட வேண்டியிருக்கிறது.

பெரிய பலவீனம் ஸ்டே, அதாவது டிக்ரியை நிறுத்திவைக்கும் தடை உத்தரவு. அப்பீல் போட்டதாலேயே டிக்ரி நின்றுவிடாது; இது எல்லா அப்பீலுக்கும் பொது. தாமதமான அப்பீலில் நிலைமை இன்னும் மோசம். தாமத மனு முடிந்து, அப்பீலைக் கேட்பது என்று நீதிமன்றம் முடிவெடுக்கும்வரை ஸ்டே தரக் கூடாது என்று ரூல் 3ஏயின் மூன்றாவது உட்பிரிவே சொல்கிறது. அதுவரை அப்பீலுக்கு எஸ்.ஆர். நம்பர் என்ற தற்காலிகப் பதிவு எண்தான் இருக்கும், முறையான அப்பீல் எண்ணான ஏ.எஸ். நம்பர் விழாது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ், அவரது எதிருரை, விசாரணை, உத்தரவு என்று மாதக்கணக்கில் போகும். இடையில் இ.பி. ஓடிக்கொண்டிருந்தால், நிறைவேற்றும் நீதிமன்றத்தில் தாமத மனுவின் எண்ணைக் காட்டி, டிக்ரி தொகையில் ஒரு பகுதியைக் கட்டுகிறோம் என்று முன்வந்து வாய்தா கேட்பதுதான் நடைமுறையில் பலன் தருகிறது. வெறும் கையோடு கேட்டால் கிடைப்பது அரிது.

உண்மையில் இந்த வழி நிற்பதும் விழுவதும் பிரமாணப் பத்திரத்தில்தான். நூற்றுக்கணக்கான தாமத மனுக்களில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது: “மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு நாட்டு வைத்தியம் பார்த்து வந்ததால் வழக்கறிஞரைச் சந்திக்க இயலவில்லை.” நிஜமாகவே நோயாக இருந்தவருக்கும் இந்த வாசகம் கெடுதல்தான் செய்கிறது, ஏனென்றால் நீதிபதி அதை ஏற்கெனவே பலமுறை படித்திருக்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் வில்லங்கச் சான்று எடுத்து, அதே மாதத்தில் நீங்கள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து ஒரு பத்திரம் பதிந்திருப்பதைக் காட்டிவிட்டால் மனு அங்கேயே முடிந்துவிடும். அதோடு விஷயம் நிற்காது. பொய்ப் பிரமாணம் செய்தவர் என்ற பெயர் அடுத்த எல்லா மனுக்களிலும் தொடர்ந்து வரும்.

நிற்கும் பிரமாணப் பத்திரம் தேதிகளால் ஆனது. தீர்ப்பு எப்போது தெரிந்தது, யார் சொல்லி, எப்படி. தெரிந்த பிறகு நகல் மனு எந்த நாள். நகல் வாங்கியது எந்த நாள். புதிய வக்கீலிடம் கட்டு போனது எந்த நாள். பணம் புரட்ட எத்தனை நாள், எங்கிருந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் வேண்டும்: மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கம், பழைய வக்கீலுக்கு அனுப்பிய பதிவுத் தபால் அல்லது வாட்ஸாப் செய்தி, நகைக்கடன் ரசீது. ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் என்றால் மணிக்கணக்கில், நொடிக்கணக்கில் கேட்பதல்ல என்று 1987இல் அனந்தநாக் நில எடுப்பு கலெக்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனாலும் பெரிய இடைவெளி ஒன்று விளக்கமில்லாமல் கிடந்தால் மற்ற விளக்கங்களும் எடுபடாது. குறிப்பாக, தீர்ப்பு தெரிந்த பிறகான இடைவெளி. தெரியாமல் இருந்த இரண்டு வருடத்தை நம்பும் நீதிபதி, தெரிந்த பிறகு சும்மா இருந்த இரண்டு மாதத்தை நம்பமாட்டார்.

நாள் எண்ணிக்கை மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. 1998இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 883 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் 10,000 ரூபாய் செலவுத் தொகையோடு மன்னித்தது. எக்ஸ்பார்ட்டி டிக்ரியை நீக்கக் கோரிய மனு ஆஜராகாததால் தள்ளுபடியாகி, அந்தத் தள்ளுபடியை நீக்கக் கோருவதில் ஏற்பட்ட தாமதம் அது. வக்கீல் ஏமாற்றிவிட்டார் என்பது காரணம். கட்சிக்காரர் அந்த வக்கீல் மீது நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டு 50,000 ரூபாய் இழப்பீட்டு உத்தரவும் பெற்றிருந்தார். வக்கீலைக் குறை சொல்பவர்கள் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது பாதியை. ஒரு நோட்டீஸ்கூட அனுப்பாமல், பார் கவுன்சிலுக்கு ஒரு கடிதம்கூட எழுதாமல், தாமத மனுவில் மட்டும் பழைய வக்கீல்மேல் பழி போட்டால் நீதிமன்றம் அதை எளிதில் ஏற்பதில்லை. மறுபக்கம், 2012இல் இந்திய அஞ்சல் துறையின் 427 நாள் தாமதத்தை ‘அரசு அலுவலக நடைமுறை’ என்ற காரணத்துக்காக மன்னிக்க மறுத்தார்கள். 2024இல் நில எடுப்பு வழக்கு ஒன்றில் 5,659 நாள் தாமதம் மறுக்கப்பட்டபோது, வழக்கின் நியாயம் பலமாக இருக்கிறது என்பது தாமதத்தை மன்னிக்கக் காரணமாகாது என்றும் சொன்னார்கள். “என் பக்கம் உண்மை இருக்கிறது” என்று பக்கம் பக்கமாக எழுதுவதால் இந்தக் கட்டத்தில் பயன் கிடையாது.

கட்டு திரும்பி வந்தால் குறையைச் சரிசெய்து, கொடுத்த அவகாசத்துக்குள் மறுபடி தாக்கல் செய்ய வேண்டும். தவறினால், மறுதாக்கலில் ஏற்பட்ட தாமதத்துக்குத் தனியாக இன்னொரு மனு. அப்பீல் தாமதத்தைச் சரியாக விளக்கிய எத்தனையோ பேர், திரும்பி வந்த கட்டு வக்கீல் அலுவலக அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்ததால் தோற்றிருக்கிறார்கள். எஸ்.ஆர். நம்பரை வாங்கிக் குறித்துவைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிலை என்ன என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

எக்ஸ்பார்ட்டி என்றால் இரண்டு வழி

ஆஜராகாமல் போய் டிக்ரி வந்திருந்தால், ஆர்டர் 9 ரூல் 13இன் கீழ் அதே நீதிமன்றத்தில் டிக்ரியை நீக்கக் கோரலாம். அல்லது அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 96(2)இன் கீழ் மேல் நீதிமன்றத்தில் அப்பீல் போகலாம். இரண்டுக்கும் இடையில் தேர்வு செய்வதில்தான் அதிகமான தவறு நடக்கிறது.

ரூல் 13 மனு கேட்கும் கேள்வி, ஏன் வரவில்லை என்பது. சம்மன் முறைப்படி சார்வு ஆகவில்லை, அதாவது உங்களிடம் சேர்க்கப்படவில்லை, அல்லது வர முடியாததற்குத் தகுந்த காரணம் இருந்தது என்று காட்ட வேண்டும். கட்டணம் சொற்பம். ஜெயித்தால் வழக்கு பழைய இடத்துக்குத் திரும்பும். உங்கள் எதிருரை, சாட்சி, ஆவணம் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும். செலவுத் தொகையோ, டிக்ரி தொகையில் ஒரு பகுதியோ கட்டச் சொல்லி நிபந்தனை விதிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த நிபந்தனையைக் குறித்த நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் மனு தானாகத் தள்ளுபடி ஆகும்படிதான் பெரும்பாலான உத்தரவுகள் எழுதப்படுகின்றன.

அப்பீல் கேட்கும் கேள்வி, டிக்ரி சரியா என்பது. அங்கே பதிவில் இருப்பது எதிர்த்தரப்பின் சாட்சியம் மட்டுமே. உங்கள் ஆவணத்தைப் புதிதாகச் சேர்க்க ஆர்டர் 41 ரூல் 27 வைத்திருக்கும் வாசல் குறுகலானது. ஆகவே ‘கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ரசீது இருக்கிறது’ என்பவருக்கு அப்பீல் ஏற்றதல்ல. அவர் ரூல் 13க்குத்தான் போக வேண்டும். அதே நேரம், புரோநோட்டின் தேதியிலிருந்து மூன்று வருடம் தாண்டி வழக்குப் போட்டிருக்கிறார்கள், இடையில் வரவு எதுவும் இல்லை, காலாவதி தாளிலேயே தெரிகிறது என்றால் அப்பீல் பலமானது. எதிர்த்தரப்பின் சொந்த ஆவணமே அவருக்கு எதிராகப் பேசும். நீங்கள் ஏன் வரவில்லை என்ற கேள்வி அந்த அப்பீலில் முக்கியமே இல்லை.

எதை முதலில் போடுவது? இரண்டையும் ஒரே நேரத்தில் போடலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அப்பீல் முதலில் முடிந்து தள்ளுபடியானால், ரூல் 13இன் விளக்கப்படி அந்த மனு அதோடு போய்விடும். மறுதலையாக, ரூல் 13 மனு தோற்றாலும் டிக்ரியின் தகுதி மீது அப்பீல் போகலாம். என்னை எக்ஸ்பார்ட்டி ஆக்கியது தவறு என்ற வாதத்தை மட்டும் அங்கே மறுபடி எழுப்ப முடியாது. எனவே எங்கள் பார்வையில் சந்தேகமுள்ள வழக்கில் ரூல் 13தான் முதலில். அதில் செலவான காலமும் வீணாகாது: 2019இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், ரூல் 13 மனுவை நடத்திக்கொண்டிருந்த காலத்தை 546 நாள் அப்பீல் தாமதத்துக்குத் தகுந்த காரணமாக உச்ச நீதிமன்றம் ஏற்றது. இழுத்தடிக்கும் நோக்கம் தெரிந்தால் மறுக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

ரூல் 13க்கும் கெடு 30 நாள்தான். ஆனால் சம்மன் முறைப்படி சார்வு ஆகவில்லை என்றால் அந்த 30 நாள், டிக்ரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து ஓடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. தெரிந்த பத்து நாளில் வந்துவிட்டு, டிக்ரி நாளிலிருந்து கணக்குப் போட்டு ‘1,100 நாள் தாமதம்’ என்று தானே எழுதிக்கொடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். வழக்குக் கட்டில் சம்மன் எப்படித் திரும்பியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அமீனாவின் குறிப்பில் ‘கதவு பூட்டியிருந்தது, ஒட்டினேன்’ என்று இருக்கிறதா. சாட்சிக் கையெழுத்து உண்டா. நீங்கள் அந்த வருடம் அந்த முகவரியில்தான் இருந்தீர்களா. பத்திரிகை விளம்பரம் உங்கள் ஊருக்கு வரும் நாளிதழில் வந்ததா. சார்வில் ஓட்டை இருந்தால், காலக்கெடுவுக்குள்தான் வந்திருக்கிறோம் என்று பிரமாணப் பத்திரத்தில் வெளிப்படையாகச் சொல்லி, மாற்று வேண்டுகோளாக மட்டும் பிரிவு 5 மனுவை வையுங்கள். ஆனால் சம்மனில் சிறு முறைகேடு இருந்தும் வாய்தா தேதி உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபணமானால் அந்த முறைகேடு உதவாது.

தீர்ப்பின் கடைசிப் பத்தியையும் படியுங்கள். வழக்கின் பாதியில், உங்கள் தரப்புச் சாட்சியம் பெரும்பாலும் பதிவான பிறகு நீங்கள் வராமல் போயிருந்தால், ஆர்டர் 17 ரூல் 2இன் விளக்கப்படி நீங்கள் ஆஜரானதாகக் கொண்டே தீர்ப்பு எழுதியிருக்கலாம். அது எக்ஸ்பார்ட்டி ஆகாது, அப்பீல் மட்டும்தான்.

இ.பி. விஷயத்திலும் ரூல் 13க்கு ஒரு சாதகம் உண்டு. டிக்ரி கொடுத்த நீதிமன்றமே பெரும்பாலும் இ.பி.யையும் விசாரிக்கிறது. ஒரே நீதிபதி முன் இரண்டும் இருப்பதால், பிரிவு 151இன் கீழ் இ.பி.யை நிறுத்திவைக்கக் கேட்பது எளிதாகிறது. ரூல் 3ஏயில் இருப்பது போன்ற தடை இங்கே இல்லை.

தாமத மனு தள்ளுபடியானால் தமிழ்நாட்டில் வழக்கமாகப் போவது உயர் நீதிமன்றத்துக்கு சி.ஆர்.பி. எனப்படும் சீராய்வு மனு. ரூல் 13 மனுவே தகுதியின் மீது தள்ளுபடியானால் ஆர்டர் 43இன் கீழ் சி.எம்.ஏ. எனப்படும் உரிமையியல் இதர அப்பீல். இதை மாற்றிப் போட்டால் அதிலும் நாள் போகும்.

ரிவியூ, 227

ரிவியூ, அதாவது மறுஆய்வு, மனுவுக்கும் 30 நாள்தான், அதே நீதிமன்றம். தீர்ப்பில் பார்த்தவுடனே தெரியும் பிழை இருக்க வேண்டும்: வட்டி கணக்கு தவறு, சர்வே எண் மாறியது, ஒப்புக்கொண்ட வரவைக் கழிக்காமல் விட்டது போல. சாட்சியை வேறு மாதிரி மதிப்பிட்டிருக்கலாம் என்பதற்கு ரிவியூ கிடையாது. அப்பீல் கெடுவைத் தாண்டியவர்கள் ரிவியூவை மாற்று வழியாக எடுத்தால், பெரும்பாலும் இன்னும் ஆறு மாதத் தாமதத்தைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். அரசியலமைப்பின் 227ஆவது உறுப்பின் கீழ் நேரே உயர் நீதிமன்றம் போவதும் அப்படித்தான். சட்டத்தில் அப்பீல் இருக்கும்போது 227ஐப் பிடிக்கக் கூடாது என்று விருதுநகர் இந்து நாடார்கள் தர்ம பரிபாலன சபை வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுத்துப்பிழை, கூட்டல் பிழை என்றால் பிரிவு 152 மனு போதும். அதற்குக் கெடுவே இல்லை.

அடுத்தவர் போட்ட அப்பீல்

இதை யாரும் விசாரிப்பதில்லை. தீர்ப்பு பாதி உங்களுக்கும் பாதி எதிர்த்தரப்புக்கும் சாதகமாக இருந்து, அவர் உரிய நாளில் அப்பீல் போட்டிருந்தால், அந்த அப்பீலின் விசாரணை நாள் பற்றிய நோட்டீஸ் உங்களுக்குச் சார்வான நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் ஆர்டர் 41 ரூல் 22இன் கீழ் எதிர் ஆட்சேபம் தாக்கல் செய்யலாம். உங்கள் சொந்த அப்பீல் கெடு எப்போதோ முடிந்திருந்தாலும் சரி. தாமத மனுவே தேவையில்லை. அவர் பிறகு அப்பீலை வாபஸ் வாங்கினாலும் உங்கள் ஆட்சேபம் நிற்கும்.

அதேபோல், பல பிரதிவாதிகளுக்குப் பொதுவான காரணத்தில் டிக்ரி வந்து, அதில் ஒருவர் மட்டும் நேரத்தில் அப்பீல் போட்டிருந்தால், ரூல் 4இன் கீழ் எல்லோருக்கும் சேர்த்து டிக்ரியை மாற்ற நீதிமன்றத்தால் முடியும். அண்ணன் தம்பிகள் மீதான பாகப்பிரிவினை வழக்கில் இது அடிக்கடி பொருந்தும். அண்ணன் போட்ட அப்பீலில் நீங்கள் ரெஸ்பாண்டெண்டாக, அதாவது எதிர்மனுதாரராக, இருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால் தனி அப்பீலுக்குச் செலவழிப்பதற்கு முன் அவருடைய வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

மீட்க முடியாத கெடுக்கள்

மேலே சொன்னதெல்லாம் பிரிவு 5 பொருந்தும் இடங்களுக்கு. ஆர்பிட்ரேஷன் அவார்டை, அதாவது நடுவர் தீர்ப்பை, எதிர்க்க மூன்று மாதம், அதற்கு மேல் முப்பது நாள். அதன் பிறகு எந்தக் காரணமும் எடுபடாது, ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் பிரிவு 34 அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஜி.எஸ்.டி. முதல் அப்பீலுக்கு மூன்று மாதமும் கூடுதல் ஒரு மாதமும். திவால் சட்டத்தின் கீழ் மேல் தீர்ப்பாயத்துக்கு 30 நாளும் கூடுதல் 15 நாளும். இந்த உச்ச வரம்பு முடிந்த பிறகு ரிட் மனு மூலம் சுற்றி வருவதையும் உச்ச நீதிமன்றம் 2020இல் அடைத்துவிட்டது. நிறைவேற்று நடவடிக்கையில் ஆர்டர் 21இன் கீழ் வரும் எந்த மனுவுக்கும் பிரிவு 5 கிடையாது. ஏலம் போன சொத்தை, வாங்கியவருக்கு 5 சதவீதத்தோடு பணம் கட்டி மீட்க 60 நாள் என்றால் 60 நாள்தான்.

மோட்டார் விபத்து இழப்பீட்டில் 90 நாள், நுகர்வோர் மாவட்ட ஆணைய உத்தரவு மீது மாநில ஆணையத்துக்கு 45 நாள். இரண்டிலும் தாமதத்தை மன்னிக்கலாம். ஆனால் நுகர்வோர் அப்பீலில் உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்டினால்தான் உள்ளே நுழையலாம். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வரும் விவாகரத்து டிக்ரிக்கு எதிராக 90 நாள். இங்கே தாமதத்தின் விலை வேறு: கெடு முடிந்து அப்பீல் இல்லை என்றால் 15ஆவது பிரிவுப்படி எதிர்த்தரப்பு சட்டப்படி மறுமணம் செய்துகொள்ளலாம். அதன் பிறகு ஜெயிக்கும் அப்பீலால் பெரும்பாலும் எதையும் திருப்ப முடிவதில்லை.

காசோலை வழக்கில் தண்டனை வந்தால் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு 30 நாள். தண்டனை பெற்றவரின் தாமதத்தை நீதிமன்றங்கள் சிவில் வழக்கைவிடத் தாராளமாகப் பார்க்கின்றன. ஆனால் அப்பீல் ஏற்கப்படும்போது அபராதம் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதம் கட்டும்படி உத்தரவிட அதிகாரம் உண்டு. சிறையில் இருப்பவர் சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகவே அப்பீல் அனுப்பலாம். சிறையில் இருப்பவர்கள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும். உதவி எண் 15100.

சமரசம்

கையில் டிஸ்சார்ஜ் சுருக்கமும் இல்லை, சார்வில் ஓட்டையும் இல்லை, தீர்ப்பும் பெரிய தவறில்லை என்றால், தாமத அப்பீலுக்கான கட்டணத்தையும் செலவையும் ஜெயித்தவரான டிக்ரிதாரரோடு பேசுவதற்குப் பயன்படுத்துவது நல்லது. அவருக்கும் இ.பி. என்பது வருடக்கணக்கான வேலை. வட்டியைக் குறைத்து ஒரே தவணையில் வாங்கிக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் ஏராளம். அப்பீல் நிலுவையில் இருக்கும்போது சமரசமானால் கோர்ட் ஃபீஸைத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. நீதிமன்றத்துக்கு வெளியே தரப்பினர் தாங்களே பேசி முடித்தாலும் தமிழ்நாட்டுக் கட்டணச் சட்டத்தின் 69ஏ பிரிவு பொருந்தும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி வருவதோடு விட்டால்தான் பெரிய சிக்கல் வரும். ஆர்டர் 21 ரூல் 2இன்படி, நீதிமன்றத்தில் பதிவாகாத பணத்தை இ.பி. நீதிமன்றம் கணக்கிலேயே எடுக்காது. அதே தொகைக்கு மறுபடி ஜப்தி வரலாம். வங்கி வழியாகக் கொடுங்கள், டிக்ரிதாரரையே பதிவு மனு போடச் சொல்லுங்கள்; அவர் தட்டிக்கழித்தால் நீங்களே போடுங்கள். அதற்குக் கெடு பணம் கொடுத்த நாளிலிருந்து 30 நாள். இது ஆர்டர் 21 மனு என்பதால், அந்த 30 நாளைத் தாண்டினால் பிரிவு 5 உதவிக்கு வராது.